ரூபிகானைக் கடப்பது என்றால் என்ன?

ஒரு நாடு முதன்முறையாக அணுகுண்டு வெடித்துச் சோதிக்கிறது. ஒரு தலைவர் பல வருடக் கூட்டணியை உதறிவிட்டு எதிரணியோடு கைகோக்கிறார். ஆங்கிலத் தலையங்கம் எழுதுகிறவருக்கு இரண்டுக்கும் ஒரே தொடர்தான் கைக்கு வரும்: ‘கிராஸிங் த ரூபிகான்’, அதாவது ரூபிகானைக் கடப்பது. தமிழாக்குகிறவர் பெரும்பாலும் ‘திருப்புமுனை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். படிக்கிறவருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் குறைந்திருக்கிறது.

திருப்புமுனை எது என்று பெரும்பாலும் பின்னாளில்தான் தெரியும். போரின் நடுவே நிற்கிற சிப்பாய்க்கு, இன்று நடக்கிற சண்டைதான் போரின் போக்கையே மாற்றப்போகிறது என்று தெரியாது. பத்து வருடம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறவர்தான் ‘இதோ இங்கேதான் திரும்பியது’ என்று விரல் வைக்கிறார். ரூபிகான் அப்படியல்ல. கரையில் நிற்கிறவருக்கே தெரியும், இது ரூபிகான் என்று. இந்தப் பக்கம் நிற்கும்வரை வீடு திரும்பலாம், அந்தப் பக்கம் கால் வைத்தால் முடியாது. தெரிந்தேதான் கால் வைக்கிறார். மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை இந்தத் தொடர் சொல்வதில்லை. திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொண்டார் என்பதைத்தான் சொல்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கதை பலரும் நினைப்பதைவிடக் கொஞ்சம் கோணலானது.

கி.மு. 49, ஜனவரி. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் வடக்கு இத்தாலியின் ரவென்னா நகரில் இருக்கிறார். கி.மு. 58-இலிருந்து ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸும் வடக்கு இத்தாலியும் அடங்கிய பகுதி) மாகாணங்களின் ஆளுநர். பெரிய வெற்றிகள், பெரிய பணம், தன்னை நம்பும் படை என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் பதவிக்காலம் முடியப்போகிறது. பதவியில் இருக்கும்வரை அவர்மேல் வழக்குப் போட முடியாது. படையைக் கலைத்துவிட்டுத் தனி மனிதராக ரோமுக்குத் திரும்பினால், கி.மு. 59-இல் கான்சல் என்ற உச்சப் பதவியில் இருந்தபோது செய்தவற்றுக்காக எதிரிகள் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். ஊருக்கு வராமலேயே மறுபடி கான்சல் தேர்தலில் நிற்க அனுமதி வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. செனட்டில் அவருடைய எதிரிகளும், ஒரு காலத்தில் அவருக்கு மருமகனாக இருந்த பாம்பியும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. ஜனவரி 7-இல் செனட் அவசரத் தீர்மானம் போட்டது. சீசருக்காகப் பேசிய ட்ரிப்யூன்கள், அதாவது மக்கள் பிரதிநிதிகள், ரோமை விட்டு ஓடி வந்தார்கள்.

ரவென்னாவுக்குத் தெற்கே, ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் ஒரு சின்ன ஆறு. அதுதான் ரூபிகான். சீசரின் மாகாணத்துக்கும் ரோமின் நேரடி ஆட்சியில் இருந்த இத்தாலிக்கும் அதுவே எல்லை. ஓர் ஆளுநர் தன் மாகாணத்துக்குள் படை வைத்திருக்கலாம். அனுமதியில்லாமல் அந்தப் படையோடு எல்லை தாண்டினால் அது ராஜத்துரோகம். ஆக, ஆறு ஒரு தடையே அல்ல. குதிரை நனையாமல் தாண்டக்கூடிய ஓடைதான் அது. தடையாக இருந்தது சட்டம். அந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடாக ஆறு இருந்தது, அவ்வளவுதான்.

சீசர் அந்த ஆற்றைக் கடந்த இரவு நடந்ததைச் சுமார் 170 ஆண்டுகள் கழித்து ரோமானிய எழுத்தாளர் சூயிட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கம்பீரமான காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சீசர் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று பகலில் பொது நிகழ்ச்சி ஒன்றில் தலைகாட்டுகிறார். வாள்வீரர்களுக்கான பயிற்சிக்கூடம் ஒன்றின் வரைபடத்தைப் பார்வையிடுகிறார். வழக்கம்போலப் பெருங்கூட்டத்தோடு விருந்து சாப்பிடுகிறார். இருட்டியதும் பக்கத்து மாவு ஆலையிலிருந்து கோவேறு கழுதைகளைக் கொண்டுவந்து வண்டியில் பூட்டி, சில பேரோடு ரகசியமாகக் கிளம்புகிறார். நடுவழியில் விளக்கு அணைந்து, பாதை தவறிவிடுகிறது. உலக வரலாற்றை மாற்றப் புறப்பட்டவர் விடியும்வரை வழி தெரியாமல் அலைந்து, கடைசியில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து, ஒற்றையடிப் பாதைகளில் நடந்தே ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறார்.

அங்கே தன் ஆட்களிடம் அவர் சொன்னதாக சூயிட்டோனியஸ் எழுதுவது இது: இப்போதுகூடத் திரும்பிவிடலாம், ஆனால் இந்தச் சின்னப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் ஆயுதத்தால்தான் முடிக்க வேண்டியிருக்கும். ஆம், பாலம். ஓவியங்களில் குதிரை நுரைபொங்கும் வெள்ளத்தில் பாய்கிறது. சூயிட்டோனியஸ் சொல்வதோ ஒரு குட்டிப் பாலம்.

அவர் தயங்கி நிற்கும்போது அழகும் உயரமுமான ஓர் உருவம் திடீரென்று தோன்றிக் குழல் ஊதுகிறதாம். சுற்றிக் கூடிய படைவீரர்களில் ஒருவரிடமிருந்து எக்காளத்தைப் பிடுங்கி, முழங்கிக்கொண்டே மறுகரைக்கு ஓடுகிறதாம். தெய்வங்கள் காட்டும் வழியில் போவோம் என்று சொல்லி சீசரும் கடக்கிறார். இந்த இடத்தை நான் நம்பவில்லை. ஆனால் இதை யார் முதலில் சொல்லிப் பரப்பியிருந்தாலும் அவருக்கு மக்கள் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. திரும்ப முடியாத முடிவை எடுக்கிறவர்கள் எல்லாரும் கடைசி நொடியில் ஒரு சகுனத்தைத் தேடுகிறார்கள். பொறுப்பில் பாதியை வாங்கிக்கொள்ள ஒரு குழல்காரன் வேண்டும்.

அதே இடத்தில்தான் புகழ்பெற்ற இன்னொரு தொடரும் பிறக்கிறது. சூயிட்டோனியஸ் எழுதிய லத்தீனில் ‘யாக்டா ஆலியா எஸ்ட்’. பகடை உருட்டப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் ‘த டை இஸ் காஸ்ட்’ என்று இன்றும் புழங்குவது இதுதான். ஆனால் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் வேறு மாதிரிச் சொல்கிறார். சீசர் அதை கிரேக்கத்தில் சொன்னாராம், மெனாண்டர் என்ற நகைச்சுவை நாடக ஆசிரியரின் வரியாக. கிரேக்கத்தில் அது முடிந்துபோன செயலைச் சொல்லும் வாக்கியம் அல்ல, ‘பகடை உருளட்டும்’ என்கிற வியங்கோள். மறுமலர்ச்சிக்கால அறிஞர் எராஸ்மஸ்கூட, லத்தீன் பிரதியில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கலாம், அது ‘எஸ்டோ’ என்று இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். ‘எஸ்டோ’ என்றால் ‘ஆகட்டும்’. தமிழ் தெரிந்தவருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ‘உருட்டியாச்சு’ என்பதில் இருப்பது பெருமூச்சு. ‘உருளட்டும்’ என்பதில் இருப்பது துணிச்சல்.

எந்த வடிவமாக இருந்தாலும் பகடையைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். கையை விட்டுப் போன பகடை இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. என்ன எண் விழும் என்று உருட்டியவருக்கே தெரியாது. முடிவு எடுத்தாயிற்று, விளைவு தெரியவில்லை. அந்த இடைவெளிதான் ரூபிகான். ‘கேம் சேஞ்சர்’ என்று சொல்லும்போது விளைவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், ஆட்டமே மாறிவிட்டது என்று. ரூபிகானைக் கடந்தவர் தோற்கவும் செய்யலாம். அப்போதும் அவர் கடந்தவர்தான்.

சரி, சீசர் உண்மையிலேயே திரும்ப முடியாத இடத்தைத்தான் அன்று தாண்டினாரா? இங்கே வரலாறு தொடரோடு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. உள்நாட்டுப் போரைப் பற்றி சீசரே எழுதிய நூலில் ரூபிகான் என்ற பெயரே கிடையாது. ரவென்னாவில் படையினரிடம் பேசினேன், (எல்லைக்கு அப்பால் இருந்த ஊரான) ஆரிமினம் போனேன் என்று போகிறபோக்கில் தாண்டிவிடுகிறார். சட்டத்தை மீறிய இடத்தை யார்தான் தன் கைப்படக் குறித்துவைப்பார்கள்? அடுத்தது, அவர் கரையில் நின்று யோசிப்பதற்கு முன்பே அவருடைய வீரர்கள் சிலர் எல்லை தாண்டி ஆரிமினத்தைப் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார்கள் என்று புளூட்டார்க்கே சொல்கிறார். கடந்த பிறகும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை. இரு பக்கமும் தூதர்கள் போய்வந்தார்கள். பாம்பி ஸ்பெயினுக்குப் போகட்டும், இருவரும் படையைக் கலைப்போம் என்று சீசர் நிபந்தனை அனுப்பினார். அது ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால் ரூபிகானைப் பற்றி இன்று யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சொந்த நகரத்தின்மேல் படையெடுத்த முதல் ரோமானியரும் அவர் அல்ல. கி.மு. 88-இலேயே சுல்லா என்ற தளபதி அதைச் செய்துவிட்டார். ஆனால் சுல்லாவுக்கு இப்படி ஒரு ஆறு வாய்க்கவில்லை. வரலாற்றில் பெயர் நிற்பதற்கு நல்ல இடப்பெயரும் வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஆறு எது என்பதிலும் தகராறு உண்டு. நிலம் மாறியது, ஓடைகள் வழி மாறின, பெயர் மறைந்துபோனது. அந்தப் பகுதியில் ஓடும் மூன்று சிற்றாறுகளின் கரைக்காரர்கள், ‘எங்களுடையதுதான் ரூபிகான்’ என்று நெடுங்காலம் சண்டை போட்டார்கள். 1933-இல் முசோலினியின் அரசு ஃபியுமிச்சினோ என்ற ஆற்றைத் தேர்ந்தெடுத்து, ரூபிகோனே என்று பெயரிட்டு முடித்துவைத்தது. பக்கத்து ஊரின் பெயரிலும் ரூபிகோனே ஒட்டிக்கொண்டது. இதை ஆய்வின் முடிவு என்பதைவிட அரசாணையின் முடிவு என்பதுதான் பொருத்தம்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடர் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து உருவகமாகப் புழங்குகிறது. அமெரிக்கப் புரட்சிக்காரர் ஜான் ஆடம்ஸ், 1774-இல் அரசர் பக்கம் நின்ற நெருங்கிய நண்பர் ஒருவரிடம் விடைபெற்றதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபோது, பகடையையும் ரூபிகானையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: பகடை வீசியாயிற்று, ரூபிகானைத் தாண்டிவிட்டேன், மூழ்கினாலும் நீந்தினாலும் என் நாட்டோடுதான் என்று. அளவாகப் பயன்படுத்தப்பட்ட இடம் இது. பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராக நிற்பது தூக்குமேடை வரை போகக்கூடிய விஷயம். நண்பரை இழப்பதும் உறுதி. இரண்டும் தெரிந்தே சொல்கிறார்.

தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கும் ஓர் உதாரணம் உண்டு, எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. 1985 ஆகஸ்ட் 15. தென்னாப்பிரிக்கா இனவெறிச் சட்டங்களோடு உலகத்தின் எதிர்ப்பில் சிக்கியிருந்த காலம். அதிபர் பி.டபிள்யூ. போத்தா டர்பனில் கட்சி மாநாட்டில் பேசப்போகிறார். பெரிய சீர்திருத்தம் வரப்போகிறது, நெல்சன் மண்டேலா விடுதலை பற்றிக்கூட அறிவிப்பு இருக்கலாம் என்று அவருடைய அமைச்சரவையிலிருந்தே செய்தி கசிந்திருந்தது. உலகமெங்கும் நேரடி ஒளிபரப்பு. போத்தா மேடையேறி, வெள்ளையர்களைப் பதவி துறப்புக்கும் தற்கொலைக்கும் இட்டுச்செல்லும் பாதையில் நடத்த மாட்டேன் என்று விரலை ஆட்டிப் பேசினார். எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், நாம் இன்று ரூபிகானைக் கடக்கிறோம், இனித் திரும்புதல் இல்லை என்று முடித்தார்.

எந்த ஆற்றையும் அவர் கடக்கவில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது. நாட்டின் நாணயமான ராண்ட் சரிந்தது. வெளிநாட்டு வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்க, அந்த மாத இறுதியில் பங்குச் சந்தையையே மூடினார்கள். செப்டம்பர் முதல் நாள் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. அந்தப் பேச்சுக்கு இன்றுவரை ‘ரூபிகான் உரை’ என்றுதான் பெயர், கேலியாக. அடுத்து வந்த அதிபர் எஃப்.டபிள்யூ. டி கிளார்க் 1990 பிப்ரவரி 2-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதிருந்த தடையை நீக்குவதாக அறிவித்தார். ஒன்பது நாளில் மண்டேலா சிறையிலிருந்து நடந்து வெளியே வந்தார். கடந்தது என்றால் அதுதான்.

உளவியலிலும் இந்த ஆறு ஓடுகிறது. 1980-களில் ஜெர்மன் உளவியலாளர்கள் ஹைன்ஸ் ஹெக்ஹௌசனும் பீட்டர் கோல்விட்சரும் மனித முடிவுகளை விளக்க ‘ரூபிகான் மாதிரி’ என்ற ஒன்றை முன்வைத்தார்கள். ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கும்வரை மனம் இரு பக்கமும் பார்க்கிறது. நல்லதையும் கெட்டதையும் ஓரளவு நேர்மையாக எடைபோடுகிறது. செய்வது என்று தீர்மானித்த நொடியில் மனத்தின் வேலையே மாறிவிடுகிறது. எப்போது, எங்கே, எப்படி என்ற கேள்விகள்தான் மிஞ்சுகின்றன. எதிர்மறையான தகவல்கள் கண்ணில் படுவது குறைகிறது. எல்லாம் தன் கையில் இருப்பதாக நம்பிக்கை ஏறுகிறது. வேலையை விட்டுத் தொழில் தொடங்குவது என்று முடிவெடுத்த நண்பரிடம் மறுநாள் போய் அறிவுரை சொல்லிப் பாருங்கள், தெரியும். முந்தின நாள் அவரே பட்டியலிட்ட ஆபத்துகளை இன்று நீங்கள் சொன்னால் கோபம் வரும்.

பக்கத்தில் வைத்துக் குழப்பிக்கொள்ளும் தொடர்கள் சில உண்டு. ‘பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்’ விமானிகளின் கணக்கு. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எரிபொருள் போதாமல் போகும் புள்ளி. அதைத் தெரியாமலேகூடத் தாண்டலாம், மனத்தில் எந்தத் தீர்மானமும் தேவையில்லை. ‘டிப்பிங் பாயின்ட்’ சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சாய்வது. பனிப்பாறை உருகுவதற்குப் பொருந்தும், அங்கே யாரும் முடிவெடுப்பதில்லை. ‘வாட்டர்ஷெட்’ இரண்டு நதிப் படுகைகளைப் பிரிக்கும் மேட்டுக்கோடு. ஒரு காலத்தை இன்னொரு காலத்திலிருந்து பிரித்துக்காட்ட வரலாற்றாசிரியர் போடும் கோடு.

‘லட்சுமணக் கோட்டைத் தாண்டிவிட்டார்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கோடும் கடத்தலும். ஆனால் அந்தக் கோடு காப்புக்காக இன்னொருவர் போட்டது. தாண்டியவர் ஏமாற்றப்பட்டுத் தாண்டினார். தாண்டியது தவறு என்ற தீர்ப்பும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ரூபிகானில் அந்தத் தீர்ப்பு இல்லை. சீசரைக் கொடுங்கோலர் என்பவரும் மாவீரர் என்பவரும் அதே தொடரைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ரூபிகானைக் கடந்தார்’ என்று அப்படியே எழுதினால், கதை தெரியாதவருக்கு அது ஏதோ ஓர் ஊரின் பெயர். நம்மிடம் இதற்கு நேர் எதிரான பழமொழி ஒன்று பிரமாதமாக இருக்கிறது: ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். கடக்கவும் மாட்டார், கரையேறவும் மாட்டார். ‘கறந்த பால் மடி புகாது’ என்பது திரும்பாததைச் சொல்கிறது, ஆனால் கறந்தவரின் துணிச்சலைச் சொல்வதில்லை. ‘தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன’ என்பது வேறு வழியில்லாமல் வருகிற துணிச்சல். சீசருக்கு வேறு வழி இருந்தது.

இதற்கு ஒரு பழமொழியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழ் வினைச்சொல்லே அந்த வேலையைச் செய்கிறது. ‘கடந்தார்’ என்பதற்கும் ‘கடந்துவிட்டார்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதலாவது ஒரு செய்தி. இரண்டாவதில் அந்த ‘விடு’ வந்து கதவைச் சாத்துகிறது. ‘சொன்னேன்’, ‘சொல்லிவிட்டேன்’. ‘இறங்கினோம்’, ‘இறங்கியாயிற்று’. பேச்சில் ‘இறங்கியாச்சு’ என்று ஒருவர் சொல்லும்போது, இனி அதைப் பற்றி விவாதம் வேண்டாம் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலக்காரர் இத்தாலியில் இருக்கும் ஆறு வரை போய் எடுத்துவருவதை நாம் ஒரு துணைவினையில் வைத்திருக்கிறோம். ‘துணிந்து இறங்கிவிட்டார்’ என்று எழுதினால் பெரும்பாலான இடங்களில் போதும். ஆற்றின் பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கமும் வேண்டும்.

மொழிபெயர்ப்பவருக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ரூபிகான் என்ற சொல் எங்கே சும்மா ஆடம்பரத்துக்காகப் போடப்பட்டிருக்கிறது என்பதை ‘விட்டார்’ போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். டி கிளார்க்கைப் பற்றி எழுதும்போது ‘கடந்துவிட்டார்’ தானாக வந்து உட்காருகிறது. போத்தா 1985-இல் சொன்னதோ ‘கடக்கிறோம்’. அதை ‘கடந்துவிட்டோம்’ என்று தமிழில் எழுதப் பேனா நகராது.